பசியை அறிந்த வீட்டில் சாப்பிட மறுக்கும் குழந்தை

"ஒரு வாய்... ஒரே ஒரு வாய்."

கட்டுகஸ்தோட்டையின் வாடகை வீடுகளிலிருந்து கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்து லயங்கள் வரைக்கும் காலை நேரத்தில் கேட்கக்கூடிய வசனம் இது. தாயின் ஒரு கையில் கிண்ணம், இடுப்பில் பத்து மாதக் குழந்தை. காகத்தைக் காட்டுவார்கள், பூனையைக் காட்டுவார்கள், வீதியால் போகும் பஸ்ஸைக் காட்டுவார்கள். எதுவும் சரிவராவிட்டால் கடைசியில் போன். கிண்ணம் பாதியாவதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விடும். பிள்ளை அழுதிருக்கும், தாயும் அழுதிருப்பாள்.

"பிள்ளை ஒண்டும் சாப்பிடேல்லை" என்பார் வன்னியிலிருந்து வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மா. "புள்ள வாயத் தொறக்கவே மாட்டேங்குது" என்பார் தோட்டத்து அம்மாயி. பேச்சு வேறு, பயம் ஒன்று. ஆறாம் மாதத்தில் கொடுத்ததையெல்லாம் வாங்கிச் சாப்பிட்ட அதே பிள்ளை, ஒன்பது பத்து மாதத்திலோ ஒரு வயது தாண்டியோ கரண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்புகிறது. இது ஏன் நடக்கிறது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எப்போது வைத்தியரிடம் போக வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

நம் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது

பிள்ளை ஒரு வேளை சாப்பிடாமல் விட்டால் எந்தத் தாய்க்கும் கவலை வரும். ஆனால் நம்மில் பலருக்கு வருவது கவலை அல்ல, திகில். அதற்குக் காரணம் உண்டு.

2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்ந்த கஞ்சிக்காகப் பாத்திரம் ஏந்தி வரிசையில் நின்ற பத்து வயதுச் சிறுமிகள் இன்று தாய்மாராகிவிட்டார்கள். மலையகத்தில் 1973, 1974 காலத்துப் பஞ்சத்தை இன்னும் மறக்காத பாட்டிமார் இருக்கிறார்கள். அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் மக்கள் செத்த காலம் அது. 1977 வன்செயலுக்கும் 1983 வன்செயலுக்கும் பயந்து இந்த மலைகளை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்களோ இரண்டையும் அனுபவித்தார்கள். தோட்டத்துப் பசியிலிருந்து தப்பி, வன்னியின் பசியில் அகப்பட்டவர்கள் அவர்கள்.

சோறு இல்லாத நாளைக் கண்ட ஒருவருக்கு, இருக்கிற சோற்றைப் பிள்ளை தட்டிவிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சுலபமல்ல. "நாங்கள் இதுக்கு எவ்வளவு பாடுபட்டனாங்கள்" என்ற நினைவு நெஞ்சை அடைக்கும். அந்த நினைவுதான் கரண்டியைப் பிடித்த கையை இறுக்குகிறது. கை இறுகினால் பிள்ளையின் வாயும் இறுகுகிறது. ஆகவே இந்தப் பிரச்சினையைக் கிண்ணத்தில் மட்டும் தேடினால் போதாது.

பசி குறைவது இயற்கையாகவும் இருக்கலாம்

முதலில் ஒரு கணக்கு. பிறக்கும்போது 3 கிலோ இருந்த பிள்ளை ஐந்து மாதமளவில் அதன் இரண்டு மடங்காகிறது. ஒரு வயதில் ஏறத்தாழ மூன்று மடங்கு, அதாவது 9 கிலோ. ஆனால் இரண்டாவது வருடம் முழுவதிலும் கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோ மட்டுமே. முதல் ஐந்து மாதத்தில் போட்ட எடையைவிட அது குறைவு. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையும். "போன மாதம் இவ்வளவு சாப்பிட்டான், இந்த மாதம் இல்லையே" என்பதற்குப் பல வீடுகளில் இதுதான் பதில்.

இரண்டாவது கணக்கு வயிற்றின் அளவு. குழந்தையின் இரைப்பை உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 கிராம் உணவையே கொள்ளும். 8 கிலோ பிள்ளைக்கு அது 240 கிராம், ஒரு பெரிய தேநீர்க் கோப்பை அளவு. அதற்குள்தான் சோறும் பருப்பும் தண்ணீரும் எல்லாம். நாம் நம் கண் அளவுக்குக் கிண்ணத்தை நிரப்பிவிட்டு, பிள்ளை பாதியில் நிறுத்தினால் "சாப்பிடவே இல்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

மூன்றாவது கணக்கு தேவை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு மேலதிக உணவிலிருந்து ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 6 முதல் 8 மாதம் வரை ஏறத்தாழ 200 கலோரி, 9 முதல் 11 மாதம் வரை 300 கலோரி, 12 முதல் 23 மாதம் வரை 550 கலோரி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இது சிறிய அளவுதான். ஆனால் அதைச் சிறிய வயிற்றுக்குள் அடக்க வேண்டுமானால் உணவு கெட்டியாக இருக்க வேண்டும்.

இங்கேதான் நம் பழக்கம் ஒன்று காலை வாருகிறது. பிள்ளை விழுங்க மறுத்ததும் நாம் செய்யும் முதல் வேலை உணவைத் தண்ணீராக்குவது. நீர்க்கஞ்சி வயிற்றை நிரப்பும், சத்தைத் தராது. வேறொன்றும் இல்லாத நாளில் அந்தக் கஞ்சி எங்கள் உயிரைக் காத்தது உண்மை. ஆனால் வளரும் பிள்ளைக்கு அது போதாது. கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாமல் நிற்கும் பதமே சரியான பதம். அதில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டால் ஏறத்தாழ 40 கலோரி கூடும்.

முகம் திருப்புவதற்கு வேறு காரணங்கள்

பல் முளைக்கும்போதும், தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருக்கும்போதும், வாயில் புண் அல்லது வெள்ளை படிந்திருக்கும்போதும் பிள்ளை சாப்பிடாது. மழையும் குளிரும் மாறிமாறி வரும் கண்டிப்பக்கத்தில் சளிக்குப் பஞ்சமில்லை. சுகமானதும் பசி திரும்பும். அந்த நாட்களில் தாய்ப்பாலையும் நீராகாரத்தையும் சிறுகச் சிறுகக் கொடுத்தால் போதும். மலச்சிக்கலும் பசியை அடைக்கும்.

எல்லாவற்றையும் நெடுநாள் அரைத்தே கொடுத்தால் அதுவும் பின்னர் பிரச்சினையாகும். எட்டு ஒன்பது மாதத்திலேயே கையால் பிசைந்த, சிறு கட்டிகள் உள்ள உணவைப் பழக்க வேண்டும். பத்து மாதம் தாண்டியும் பசை போன்றதையே சாப்பிட்ட பிள்ளை, பிறகு ஒரு சோற்றுப் பருக்கை நாக்கில் பட்டாலும் ஓங்காளிக்கும்.

இடையில் பாலும் பிஸ்கட்டும் கொடுப்பது இன்னொரு காரணம். "சோறு சாப்பிடேல்லை, பாலாவது குடிக்கட்டும்" என்று போத்தலைக் கொடுத்தால் அடுத்த வேளைச் சோற்றுக்கும் பசி இராது. ஒரு வயதுக்குப் பிறகு ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் பசுப்பாலோ பால்மாவோ தேவையில்லை. அதற்கு மேல் போனால் இரும்புச்சத்துக் குறையும். ஒரு வயதுக்குள் சாதாரண பால்மாவைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது.

தேயிலை விளையும் இடத்தில் இதையும் சொல்லியாக வேண்டும். குழந்தைக்குப் பிளேன்டீயும் அதில் நனைத்த பிஸ்கட்டும் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தேயிலைச் சாயம், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாது. இரும்புச்சத்துக் குறைந்தால் பசி மந்தமாகும். பசி மந்தமானால் பிள்ளை இன்னும் குறைவாகச் சாப்பிடும். கரண்டியில் இரண்டு மிடறு தேநீர்தானே என்று நினைப்பது இப்படிச் சுற்றிச் சுற்றி வரும்.

கடைசியாக, ஒன்றரை வயதை ஒட்டி வரும் இயல்பான சந்தேகம். நடக்கப் பழகிய பிள்ளை கண்டதையும் வாயில் போட்டுவிடாமல் இயற்கை வைத்த காவல் என்று சிலர் இதை விளக்குகிறார்கள். புதிய உணவு எதையும் அந்த வயது முதலில் மறுக்கும். பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்டு, நாக்கில் பட்ட பிறகே ஏற்கும். மூன்றாவது தடவையில் "இவனுக்குப் பூசணி பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதுவது நாம்தான்.

ஒரு பழைய பரிசோதனை

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை வைத்தியர் 1920களில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். திட உணவைத் தொடங்கும் வயதில் இருந்த 15 குழந்தைகளுக்கு முன்னால் இறைச்சி, முட்டை, தானியம், மரக்கறி, பழம், பால் என முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகளிலிருந்து தட்டுகளை வைத்தார்கள். பக்கத்தில் இருக்கும் தாதி எதையும் ஊட்டவோ சிபாரிசு செய்யவோ கூடாது. பிள்ளை கைநீட்டினால் மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். ஒரு நாள் ஒன்றையே அள்ளிச் சாப்பிட்டார்கள், மறுநாள் அதைத் தொடவில்லை. ஒரு பிள்ளை சாப்பிட்டது போல் இன்னொரு பிள்ளை சாப்பிடவில்லை. ஆனாலும் எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள்.

1939இல் முடிவை எழுதியபோது டேவிஸ் ஒரு முக்கியமான விடயத்தையும் சொன்னார். பரிசோதனையின் சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருந்தது. அந்தத் தட்டுகளில் சீனி இல்லை, இனிப்புப் பண்டம் இல்லை. எதைத் தெரிவு செய்தாலும் அது சத்தான உணவாகவே இருந்தது. இன்று அப்படியொரு பரிசோதனைக்கு அனுமதி கிடைக்காது. ஆனால் அதன் பாடம் பழசாகவில்லை. பிறகு வந்த போசாக்கு நிபுணர் எலின் சாட்டர் அதே திசையில் ஒரு வேலைப்பிரிவினையைச் சொன்னார்: என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பது பெரியவர்களின் பொறுப்பு. சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. "என்ன வேணும்?" என்று பிள்ளையைக் கேட்டு பிஸ்கட்டைக் கொடுக்கிறோம், "எவ்வளவு" என்பதை நாம் திணிக்கிறோம்.

மறுப்பது வேறு, கிடைக்காதது வேறு

இந்த ஆலோசனையை அப்படியே தோட்டங்களுக்குக் கொண்டுபோக முடியாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையில் மட்டும் அது ஏறத்தாழ 32 சதவீதம். இந்தப் பிள்ளைகள் எல்லோரும் அடம்பிடித்துச் சாப்பிடாதவர்கள் அல்ல.

காலையில் மலைக்குப் போகும் தாய், விடிவதற்கு முன்னமே ரொட்டி சுட்டு, அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு வாய் ஊட்டிப் பார்த்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போகிறாள். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் பசி இராது. மாலையில் கொழுந்து நிறுத்து, விறகு தூக்கி வரும்போது பிள்ளை தூக்கத்துக்குச் சிணுங்கும். தாய் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போயிருந்தால் வயதான அம்மாயிதான் எல்லாம். சாப்பாட்டில் பருப்பும் முட்டையும் நெத்தலியும் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது சம்பளத்தைப் பொறுத்தது. பிள்ளை சாப்பிடாதது தாயின் கெட்டித்தனக் குறைவு என்று இவர்களிடம் யாரும் சொல்லத் தேவையில்லை.

இவர்கள் கேட்டுப் பெறக்கூடியவை சில இருக்கின்றன. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு வேலை நேரத்தில் பாலூட்டுவதற்காக இரண்டு இடைவேளைகள் கொடுக்க வேண்டும் என்று இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் சொல்கிறது. பிள்ளை பராமரிப்பு நிலையம் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது, இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். பிள்ளைக் காம்பராவில் பகலில் என்ன சாப்பிட்டது என்பதை ஆயாம்மாவிடம் தினமும் கேளுங்கள். மற்றப் பிள்ளைகளோடு இருந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் மறுக்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

1973இல் தொடங்கிய திரிபோஷாவை எடை குறைந்த பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2022 நெருக்கடியில் சிறு பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் தடைப்பட்டதைத் தாய்மார் மறந்திருக்க மாட்டார்கள். உங்களுக்குக் கிடைத்தால், வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாமல் பிள்ளைக்கென்று வையுங்கள். தேங்காய்ப்பூ சேர்த்துச் சிறு உருண்டையாகப் பிடித்தால், கரண்டியை வெறுக்கும் பிள்ளையும் தன் கையால் எடுத்துக் கடிக்கும்.

ஒரு கிழமைக்கு இதைச் செய்து பாருங்கள்

முதலில் நேரத்தை ஒழுங்காக்குங்கள். ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மூன்று நான்கு வேளை உணவு, நடுவில் ஒன்றிரண்டு சிற்றுணவு. இரண்டுக்கும் இடையில் இரண்டு மூன்று மணித்தியாலம் இருக்கட்டும். அந்த இடைவெளியில் தாய்ப்பாலும் தண்ணீரும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

ஓரிடத்தில் இருத்துங்கள். பாய் போதும், விசேட நாற்காலி தேவையில்லை. பிள்ளை நிமிர்ந்து இருக்க வேண்டும், நீங்கள் அதன் முகத்துக்கு நேரே இருக்க வேண்டும். முடிந்தால் வீட்டாரும் கூட இருந்து சாப்பிடுங்கள். பெரியவர்களின் தட்டிலிருந்து எடுப்பதில் பிள்ளைகளுக்குத் தனி ருசி. கொச்சிக்காய்த் தூள் போடுவதற்கு முன் பிள்ளையின் பங்கை எடுத்து வைத்தால் தனிச் சமையலும் வேண்டியதில்லை.

இரண்டு மேசைக்கரண்டி அளவு மட்டும் போடுங்கள், முடிந்தால் இன்னும் போடலாம். கையில் ஒரு துண்டு கொடுங்கள்: அவித்த வத்தாளை, மரவள்ளி, முட்டைத் துண்டு, கண்டிப்பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும் பட்டர் புரூட், வாழைப்பழம். பாதி நிலத்தில் விழும், கீழே ஒரு பழைய பேப்பரை விரியுங்கள். கையால் அளைந்து, முகத்தில் பூசித்தான் உணவோடு பழக்கம் வரும். புதியதை எப்போதும் பழகியதோடு சேர்த்து வையுங்கள்: சோறும் பருப்பும் பிடிக்குமென்றால் ஓரத்தில் கொஞ்சம் கீரை. தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். நெத்தலியை வறுத்து இடித்துத் தூளாக்கிச் சோற்றில் சேர்க்கலாம். கீரைக்கு இரண்டு துளி தேசிக்காய் விட்டால் அதன் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

இருபது முப்பது நிமிடத்தில் முடித்துவிடுங்கள். முகம் திருப்பினால் ஒருமுறை பொறுத்து மீண்டும் காட்டுங்கள். மறுபடியும் திருப்பினால் சாப்பாடு முடிந்தது. திட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம்.

போன் வேண்டாம். "நாங்களும் நிலாவைக் காட்டித்தானே சோறு தீத்தினாங்கள்" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிலா அசையாமல் நின்றது, பேசியது தாய்தான். பிள்ளை தாயின் குரலைக் கேட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டது. போனைப் பார்க்கும் பிள்ளைக்குத் தாயும் தெரியாது, வாயில் போனது என்னவென்றும் தெரியாது, வயிறு நிரம்பியதும் தெரியாது.

மூக்கைப் பிடித்தோ, காலில் கிடத்தியோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். அழும் பிள்ளையின் வாயில் ஊற்றியது சுவாசக் குழாய்க்குள் போய்விடக்கூடும். அது உயிர் ஆபத்து. ஆபத்து வராவிட்டாலும் கரண்டி என்றாலே பயம் என்று பிள்ளை பழகிவிடும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். கச்சான், முழுத் திராட்சை, தேங்காய்ச் சொட்டு போன்றவை தொண்டையில் அடைக்கும். பசிக்கு டொனிக் என்று பார்மசியில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

எப்போது காட்ட வேண்டும்

தீர்ப்புச் சொல்ல வேண்டியது கிண்ணம் அல்ல, தராசு. பிறந்தபோது தந்த பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை, ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, எடுத்துப் பாருங்கள். உள்ளே வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. பிள்ளையின் கோடு அச்சிட்ட கோட்டுக்குச் சமாந்தரமாக ஏறிக்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட மெலிந்திருந்தாலும் பயமில்லை. கோடு இரண்டு மூன்று மாதம் தட்டையாகப் போனாலோ கீழே இறங்கினாலோ, கொழுகொழுவென்று தெரிந்தாலும் கவனிக்க வேண்டும்.

இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம்: எடை குறைதல், ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் இருமலும் திணறலும், தொடர் வாந்தி, மலத்தில் இரத்தம், சலம் குறைதல், சோர்ந்து கிடத்தல். கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருந்தாலும், மண், சுண்ணாம்பு தின்றாலும் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். மூன்று நான்கு உணவைத் தவிர எதையும் ஏற்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், முகம் பார்த்துச் சிரிக்காமலும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முதலில் போக வேண்டியவர் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், நாம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுபவர். கிளினிக்கில் தரும் விற்றமின் ஏ, பூச்சி மருந்து எதுவும் தவறியிருந்தால் அப்போதே கேளுங்கள். தேவையானால் சுகாதார வைத்திய அதிகாரி ஊடாகப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். சிங்களம் சரளமாக வராதவர்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. "தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பிள்ளை ஒரு நாளில் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் மூன்று நாளைக்கு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் பாதிப் பேச்சு மிச்சம்.

கரண்டியைப் பிடித்திருக்கும் கை

தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நித்திரையில்லாமல், காரணமில்லாமல் அழுகை வந்து, பழைய நாட்கள் கண்முன் வந்துகொண்டிருந்தால் அதுவும் கிளினிக்கில் சொல்ல வேண்டிய விடயம்தான். பிள்ளைகள் முகத்தைப் படிப்பவர்கள். பதறிய முகம் நீட்டும் கரண்டியில் அவர்களுக்குச் சந்தேகம் வரும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

அம்மம்மாவிடமும் அம்மாயியிடமும் சண்டை பிடிக்க வேண்டாம். அவர்கள் பசியைப் பார்த்தவர்கள், அவர்கள் பயத்தில் பொய் இல்லை. அடுத்த கிளினிக் நாளில் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். தராசு முள்ளை அவர்களே பார்க்கட்டும், மேலே ஏறும் கோட்டை மிஸ் விரலால் காட்டட்டும். அதன் பிறகு கிண்ணத்தில் இரண்டு வாய் மிஞ்சினாலும், அது பஞ்சம் அல்ல, பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று அவர்களுக்கும் விளங்கும்.